பட்டும் புளியங்கொட்டையும்

(ஓசூரில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்றைய பேச்சுக்கு நான் எடுத்துக்கொண்ட விஷயம், சர்க்கரை மூலக்கூறுகளையும், புரதத்தின் சிறு துண்டுகளான பெப்டைடுகளையும் ஓர் இயந்திரத்தின் துணையால் ஒன்றோடொன்று கோத்து, மனித உடல் பகை பாராட்டாமல் ஏற்றுக்கொள்ளத்தக்க புதிய பொருள்களைச் செய்யும் கலையாகும். இதைக் கேள்வியுற்ற நண்பர் ஒருவர், "மொபெட்டும் லாரியும் கைக்கடிகாரமும் செய்கிற ஊரில் போய்ச் சர்க்கரையைப் பற்றிப் பேசப் போகிறீர்களே, கேட்பாருண்டா?" என்று வினவினார். அவருடைய ஐயத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும், இவ்விஷயத்தைப் பேசுவதற்கு இதனினும் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் வேறொன்று உண்டோ என்று எண்ணிப் பார்த்தால், எனக்கு உடனே ஒன்றும் தோன்றவில்லை. காரணத்தைச் சொல்லுகிறேன்.

1971-ஆம் ஆண்டில் சிப்காட் என்னும் அரசு நிறுவனம் தோன்றி, அதன் முயற்சியால் ராகியும் அவரையும் விளைந்த மேட்டு நிலத்தில் கடைசல் எந்திரங்கள் சுழலத் தொடங்கி, 1980-இல் இவ்வூர்த் தொழிற்சாலையிலிருந்து டி.வி.எஸ். 50 வெளிவந்து, பின்னர் டாடாவும் தமிழ்நாட்டு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-இல் தோற்றுவித்த டைட்டன் நிறுவனம் இங்கே கைக்கடிகாரம் செய்ய முற்பட்டு, 2004 பிப்ரவரி 9-ஆம் நாள் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்த காலத்துக்குள்ளாகவே ஓசூர் என்றால் எந்திரம், எந்திரம் என்றால் ஓசூர் என்று சொல்லும்படியாயிற்று. ஆனால் கடைசல் எந்திரம் வருவதற்கு முன்னும் இம்மண்ணில் இரண்டு பொருள்கள் இருந்தன, இன்றும் இருக்கின்றன. ஒன்று பட்டு, மற்றொன்று புளி. இரண்டையும் நாம் வேறு வேறு சந்தைகளில் விற்கிறோம். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் சம்பந்தம் உண்டென்று ஒருவரும் நினைப்பதில்லை. ரசாயன சாஸ்திரத்தின் கண்கொண்டு பார்த்தால், பட்டு என்பது புரதம். புளியங்கொட்டையின் பருப்பு பெரும்பாலும் சர்க்கரைச் சங்கிலி. இன்று நான் பேசவந்த இரண்டு பொருள்களும் உங்கள் வீட்டுக் கொல்லையிலேயே கிடக்கின்றன.

முதலில் பட்டைப் பார்ப்போம். தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலும் கெலமங்கலத்துப் பக்கத்திலும் மல்பெரி இலையைத் தின்று வளரும் புழு, கூடு கட்டுவதற்கான சந்திரிகைத் தட்டில் ஏற்றப்பட்டதும் தலையை எட்டுப் போல ஆட்டிக்கொண்டே, ஒரு கிலோமீட்டர் அளவுக்கு நீளக்கூடிய ஒற்றை இழையால் தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொள்கிறது. அந்த இழையின் உள்ளீடு ஃபைப்ரோயின் என்னும் புரதம். அதன்மேல் பூசப்பட்ட பசை செரிசின் என்னும் மற்றொரு புரதம். ஃபைப்ரோயினின் பெரிய சங்கிலியில், புரதத்தின் அலகுகளான அமினோ அமிலங்கள் 5,263 வரிசையாக நிற்கின்றன. அவற்றுள் மிகப் பெரும்பகுதி கிளைசின், அலனின், செரின் என்னும் மூன்றே வகை, ஒரே தாளக்கட்டில் திரும்பத் திரும்ப வருபவை. தாளம் தவறாத அந்த வரிசையினாலேதான் சங்கிலிகள் தாள்தாளாக ஒன்றன்மேல் ஒன்று படிந்து, எடைக்கு எடை பார்த்தால் எஃகுடன் ஒப்பிடத்தக்க உறுதியைப் பெறுகின்றன. அறுவை வைத்தியர்கள் நெடுங்காலமாகப் பட்டு நூலால் தையலிட்டு வந்ததற்கும் இதுவே காரணம். இவ்வூரிலேயே மத்தியப் பட்டு வாரியத்தின் மரபுவளச் சேமிப்பு நிலையம் ஒன்றிருந்து, பல்வேறு புழு இனங்களையும் மல்பெரி வகைகளையும் அழியாமல் காத்துவருகிறது என்பதை வெளியூரார் பலர் அறியார்.

இனிப் புளி. பழத்தைப் பிசைந்து எடுத்துக்கொண்டு நாம் எறிந்துவிடும் கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி மாவாக்கிப் பசை காய்ச்சினால், அது நெசவாளர் பாவுக்குக் கஞ்சியிட உதவும். அந்தப் பசையின் சாரம் சைலோகுளூக்கன் என்னும் சர்க்கரைச் சங்கிலி. குளூக்கோஸ் அலகுகள் நீண்ட முதுகெலும்பாக நிற்க, அதன் பக்கங்களில் சைலோஸ் அலகுகளும், அவற்றுள் சிலவற்றின் நுனியில் காலக்டோஸ் அலகுகளும் கிளைத்து நிற்கின்றன. இதில் ஓர் அதிசயம்: நொதியொன்றைக் கொண்டு அந்தக் காலக்டோஸ் நுனிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கத்தரித்துவிட்டால், குளிர்ந்த நிலையில் நீராக ஓடும் இப்பசை, உடற்சூட்டில் இறுகிக் களியாகிவிடுகிறது. மருந்தைக் கலந்து ஊசியின் வழியே செலுத்தினால் உள்ளே போய் உறைந்து, மருந்தை மெல்ல மெல்லக் கசியவிடும் களியாக அதைப் பயன்படுத்தலாம். கண் உலர்ந்துபோனவர்க்கு இடும் சொட்டுமருந்திலும் இப்பொருள் சேர்ந்திருக்கிறது. நுனியில் இருக்கும் ஒரு சிறு சர்க்கரை அலகு இருப்பதும் இல்லாததும் ஒரு பொருளின் சுபாவத்தையே மாற்றிவிடுகிறது என்பதை, அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். நான் சொல்லப்போகும் எல்லாவற்றிற்கும் இதுவே வித்து.

பட்டுப் புழுவுக்கு இன்னொரு ரகசியமும் தெரியும். ஃபைப்ரோயினின் பெரிய சங்கிலியையும் சிறிய சங்கிலியையும் சுரப்பிக்குள் ஒன்றுசேர்த்துக் காப்பதற்கு அது பி-25 என்னும் மூன்றாவது புரதம் ஒன்றைப் பயன்படுத்துகிறது. அந்தப் புரதத்தின் மேனியில் சர்க்கரைக் கிளைகள் ஒட்டியிருக்கின்றன. ஆக, நாம் ஆய்வுக்கூடத்தில் அரும்பாடுபட்டு முயலும் சர்க்கரை-பெப்டைடுக் கலப்பை, தேன்கனிக்கோட்டைத் தட்டில் நெளியும் புழு ஆரவாரமின்றிச் செய்துகொண்டிருக்கிறது. உயிர்களெல்லாம் அப்படித்தான் செய்கின்றன. தோலுக்கும் எலும்புக்கும் நரம்புநாணுக்கும் ஆதாரமான கொல்லாஜனிலும் சில இடங்களில் காலக்டோஸும் குளூக்கோஸும் தொங்குகின்றன. தென்துருவக் கடலில் உறைபனிக்கிடையே நீந்தும் மீன்களின் இரத்தம் உறையாதிருப்பதற்குக் காரணம், அலனின், அலனின், திரியோனின் என்று மும்மூன்றாக வரும் பெப்டைடின் ஒவ்வொரு திரியோனின்மீதும் ஓர் இரட்டைச் சர்க்கரை அமர்ந்திருப்பதே. இயற்கை சகஜமாகச் செய்வதை மனிதன் தன் கையால், தான் விரும்பிய இடத்தில், தான் விரும்பிய வண்ணம் செய்ய முடியுமா என்பதே கேள்வி.

இந்தக் கேள்வியின் இரு பாதிகளையும் முதன்முதலில் ஒருசேரத் தொட்டவர் ஜெர்மானிய ரசாயன மேதை எமில் ஃபிஷர். 1890-இல் குளூக்கோஸைத் தம் சோதனைச்சாலையில் உருவாக்கிக் காட்டி, 1902-இல் நோபெல் பரிசு பெற்ற அவரே, 1901-இல் இரண்டு கிளைசின்களை இணைத்து முதல் பெப்டைடைச் செய்து, பெப்டைடு என்னும் பெயரையும் இட்டு, 1907-க்குள் 18 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலிவரை சென்றார். ஒருவர் கையில் ஒன்றாயிருந்த இவ்விரண்டு கலைகளும் அவருக்குப் பின் பிரிந்துபோயின. சர்க்கரை ரசாயனிகள் ஒரு பக்கமும், பெப்டைடு ரசாயனிகள் மறுபக்கமுமாகத் தத்தம் பாஷையிலேயே பேசிக்கொண்டு, ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகாத உறவினரைப் போல அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்தனர்.

பெப்டைடின் பக்கம் முதலில் விடியல் வந்தது. நியூயார்க்கிலே ராக்ஃபெல்லர் நிலையத்தில் பணியாற்றிய புரூஸ் மெரிஃபீல்டு, 1963-இல் ஓர் எளிய உபாயத்தை வெளியிட்டார். அதுவரை ஒவ்வோர் அமினோ அமிலத்தை இணைத்த பிறகும் கலவையைப் பிரித்து, படிகமாக்கி, பரிசுத்தம் செய்து, அடுத்த இணைப்புக்குப் போகவேண்டியிருந்தது; ஒவ்வொரு முறையும் பொருளில் ஒரு பகுதி வீணாயிற்று. மெரிஃபீல்டு, பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக்கின் நுண்ணிய மணிகளில் முதல் அமினோ அமிலத்தை நிலையாகப் பிணைத்துவிட்டார். பின்பு வேண்டிய மருந்துகளை ஊற்றுவதும், எஞ்சியதைக் கழுவி வடிப்பதும் மட்டுமே வேலை. வளரும் சங்கிலி மணியை விட்டு நகராது. இவ்வாறு ஊற்றலும் கழுவலுமாக வேலை சுருங்கிவிட்டபடியால், அதை மனிதக் கை செய்யவேண்டிய அவசியமும் இல்லாமற் போயிற்று. சில ஆண்டுகளிலேயே அவர் ஜான் ஸ்டூவர்ட்டுடன் சேர்ந்து, வால்வுகளும் பம்பும், பாட்டுப்பெட்டியின் உருளையைப் போல முளைகள் பொருத்திய ஒரு பீப்பாயும் கொண்ட இயந்திரத்தைத் தம் வீட்டு நிலவறையில் அமைத்தார். 1969-இல் பெர்ன்ட் குட்டேயுடன் சேர்ந்து ரிபோநியூக்ளியேஸ் என்னும் நொதியை அம்முறையால் சிருஷ்டித்தபோது, 369 ரசாயனக் கிரியைகளும் 11,931 செயற்படிகளும் தேவைப்பட்டன. கைகளை நம்பி அதைத் தொடங்கியிருப்பாரா என்பது சந்தேகமே. 1984-இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

சங்கிலியைக் கோத்தால் மட்டும் போதாது. அது எப்படி மடியும் என்றும் அறியவேண்டும். அந்த அறிவுக்கு அஸ்திவாரமிட்டதில் நம் சென்னைக்குப் பெரும்பங்குண்டு. 1952-இல் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகப் பௌதிகத் துறைக்குத் தலைமையேற்ற ஜி. என். ராமச்சந்திரன், சென்னைக்கு வந்திருந்த பெர்னால் என்னும் விஞ்ஞானி கொல்லாஜனின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லையென்று சொன்னதைக் கேட்டு அதையே ஆராய முனைந்து, தோல் ஆராய்ச்சி நிலையம் அண்டையிலேயே இருந்த வசதியும் சேர்ந்துகொள்ள, கோபிநாத் கர்த்தாவுடன் கூடி 1954-இல் தம் முடிபை வெளியிட்டார். கொல்லாஜன் என்பது மூன்று சங்கிலிகள் சேர்ந்த முப்புரிக் கயிறு. நடுவில் இடம் மிகக் குறைவாதலால் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் யாவற்றினும் சிறிய கிளைசின்தான் நிற்க இயலும். பின்பு 1963-இல், மெரிஃபீல்டு தம் உபாயத்தை வெளியிட்ட அதே ஆண்டில், சி. ராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும் உடனிருக்க அவர் வரைந்த படம், பெப்டைடுச் சங்கிலி எந்தக் கோணங்களில் வளையலாம், எந்தக் கோணங்களில் வளையலாகாது என்பதை ஒரே தாளில் காட்டியது. உலகெங்கும் இன்று ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டறிந்தவர்கள் முதலில் ராமச்சந்திரன் படத்தில் இட்டுச் சரிபார்த்த பிறகே வெளியிடுகிறார்கள். அந்தச் சென்னைக் குழுவைச் சேர்ந்த வி. எஸ். ஆர். ராவ், அதே கணக்கு முறையைச் சர்க்கரைச் சங்கிலிகளுக்கும் பிரயோகித்தார். ராமச்சந்திரன் பின்னர்ப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்குச் சென்று மூலக்கூற்று உயிர்ப்பௌதிகத் துறையைத் தொடங்கினார். அத்துறை இந்த மண்டபத்திலிருந்து ஒரு காலைப்பொழுதுப் பயணத் தொலைவில் இருக்கிறது.

பெப்டைடுக்கு 1963-இல் வந்த விடியல், சர்க்கரைக்கு 2001 வரையில் வரவில்லை. தாமதத்துக்குக் காரணம் ரசாயனிகளின் சோம்பல் அன்று, சர்க்கரையின் சுபாவம். அமினோ அமிலத்துக்குத் தலை ஒன்று, வால் ஒன்று. ஒன்றின் வாலை மற்றொன்றின் தலையோடு சேர்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. வெவ்வேறான மூன்று அமினோ அமிலங்களைக் கொண்டு 6 விதமான சங்கிலிகளே செய்யலாம். சர்க்கரைக்கோ கை பல. இரண்டு குளூக்கோஸ் அலகுகளை மட்டும் எடுத்துக்கொண்டாலும், எந்தக் கையோடு எந்தக் கை கோக்கிறது, இணைப்பு மேல்நோக்கியதா கீழ்நோக்கியதா என்னும் பேதங்களால் 11 வெவ்வேறு இரட்டைகள் உண்டாகின்றன. மூன்று வெவ்வேறு சர்க்கரைகள் என்றால், எந்தச் சர்க்கரைகள் என்பதைப் பொறுத்து, 1,056 முதல் 27,648 வரை. அவற்றுள் நாம் வேண்டுவது ஒன்றே. மேல்நோக்கிய இணைப்புக்குப் பதில் கீழ்நோக்கிய இணைப்பு வந்துவிட்டால் பருத்தி இழை அரிசி மாவாகிவிடும். பருத்தியின் செல்லுலோஸும் அரிசியின் மாவுப்பொருளும் ஒரே குளூக்கோஸால் ஆனவை. இணைப்பின் திசையே வேறு.

இச்சங்கடத்தைத் தீர்க்கும் வழியை, முலாம் பூசும் பட்டறையிலோ வர்ணம் அடிக்கும் கூடத்திலோ பணிபுரியும் நண்பர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். வர்ணம் படக்கூடாத இடத்தில் மாஸ்கிங் டேப்பை ஒட்டி மறைத்துவிட்டு, அடித்து முடித்தபின் டேப்பை உரித்துவிடுகிறீர்கள் அல்லவா? சர்க்கரை ரசாயனியும் அதையே செய்கிறான். கோக்கவேண்டிய கையைத் தவிர மற்றக் கைகளையெல்லாம் பென்சைல் முதலான ரசாயனக் கவசங்களால் நிலையாக மூடுகிறான். அடுத்துக் கோக்கவேண்டிய கைக்கு மட்டும், எளிதில் கழற்றத்தக்க வேறொரு தாற்காலிகக் கவசம் இடுகிறான். நுனிச் சர்க்கரையின் தாற்காலிகக் கவசத்தைக் கழற்றுவது, கழுவுவது, கலத்தைப் பூஜ்யத்துக்கும் கீழே குளிர்விப்பது, புதிய சர்க்கரையையும் அதைத் தூண்டும் அமிலத்தையும் சேர்ப்பது, மீண்டும் கழுவுவது என்று ஒரு சக்கரம். சக்கரம் ஒருமுறை சுற்றினால் சங்கிலியில் ஓர் அலகு கூடும்.

பீட்டர் ஸீபெர்கர் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருந்தபோது 2001-இல் இச்சக்கரத்தை இயந்திரத்தின் வசம் ஒப்படைத்தார். இதில் நான் மிகவும் ரசிக்கும் செய்தி, அந்த இயந்திரம் புதிதாகச் செய்யப்பட்டதன்று என்பது. பெப்டைடு செய்வதற்காகக் கடையில் விற்ற இயந்திரத்தை வாங்கி, குளிர்விக்கும் ஏற்பாட்டைப் பொருத்தி, செயல் நிரலைத் திருத்தி, சர்க்கரை கோக்க அவர் பழக்கிவிட்டார். ஃபிஷருக்குப் பின் பிரிந்த உறவு மறுபடி கூடியது ஒரு பழைய இயந்திரத்தின் கலத்துக்குள்ளேதான். பின்னர் ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகரத்து மாக்ஸ் பிளாங்க் நிலையத்திற்குச் சென்ற அவருடைய குழுவினர், சர்க்கரைக்கென்றே தனி இயந்திரம் அமைத்து, 2017-இல் 50 அலகுகள் கொண்ட சங்கிலியையும், 2020-இல் 100 அலகுகள் கொண்ட சங்கிலியையும் கோத்துக் காட்டினர்.

உறவு கூடிய பிறகு விவாகம் நடக்கவேண்டுமல்லவா? 2014-இல் மத்தான் ஹுரெவிச் என்பவரும் ஸீபெர்கரும், சர்க்கரையையும் பெப்டைடையும் ஒரே திண்மத் தாங்கியின்மீது, இயந்திரத்தின் மூலமாகவே, தொடர்ந்து கோத்துச் சர்க்கரைப் பெப்டைடு செய்யும் முறையை வெளியிட்டார்கள். சொல்லுவதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். பெப்டைடுக்காரர்கள் இறுதியில் கையாளும் வலிய அமிலங்கள் சர்க்கரை இணைப்புகளை அறுத்துவிடக்கூடும்; சர்க்கரைக்காரர்கள் இறுதியில் கவசங்களைக் கழற்றக் கையாளும் ஹைட்ரஜன் முறை, கந்தகம் உள்ள அமினோ அமிலங்களைக் கண்டால் முடங்கிப்போகும். இரு வீட்டாருக்கும் ஒத்துவரும் விருந்து சமைக்கும் சாமர்த்தியம் இதற்கு வேண்டும். சர்க்கரை இயந்திரங்களில் அமிலமும் வேண்டாம் காரமும் வேண்டாம் என்று, ஒளியைப் பாய்ச்சினாலே மணியிலிருந்து சங்கிலி கழன்று விழும்படியான இணைப்பைப் பயன்படுத்துவதும் இச்சாமர்த்தியத்தில் ஒன்று. 2023-இல் அதே நிலையத்தில் மார்ட்டினா டெல்பியாங்கோவின் குழுவினர், இயற்கையில் இல்லாத ஒரு சர்க்கரைச் சங்கிலியைத் தாமே திட்டமிட்டு, அது நீரில் கொண்டை ஊசியைப் போல மடியும்படி செய்தனர். மடிவது புரதத்தின் தனிச்சொத்து என்று எண்ணியிருந்த உலகத்துக்கு அது ஒரு புதுச் செய்தி. நம் நாட்டிலும் இத்துறை வறிதன்று. ஐதராபாத்தின் இந்திய ரசாயனத் தொழில்நுட்ப நிலையத்தில் டி. கே. சக்ரவர்த்தி, ஒரு முனையில் அமினோ அமிலமாகவும் உடலில் சர்க்கரையாகவும் இருக்கும் இருபிறவி மூலக்கூறுகளைச் சங்கிலியில் கோத்தார். அதே நிலையத்தில் ஜி. வி. எம். சர்மா, சர்க்கரை தாங்கிய பெப்டைடுகள் புதுவகைச் சுருள்களாக மடிவதைக் காட்டினார்.

இவ்வளவு பிரயாசைப்பட்டு மில்லிகிராம் கணக்கில் ஒரு பொருளைச் செய்வானேன்? பட்டையும் புளியங்கொட்டையையும் டன் கணக்கில் இயற்கை தரும்போது, அவற்றை எடுத்துக் காய்ச்சி வடித்துக்கொண்டால் போதாதா? நியாயமான இக்கேள்விக்கு விடை சொல்லும் உரிமை, என்னைவிட இங்கே அமர்ந்திருக்கும் ஃபிட்டர்களுக்கே அதிகம். ஓசூர் உலகுக்குச் செய்து கொடுப்பது வெறும் இரும்புத் துண்டு அன்று. அளவு சோதிக்கும் கேஜுக்குள் நுழையும் இரும்புத் துண்டு. இன்று செய்த பல்சக்கரமும் ஆறு மாதம் கழித்துச் செய்யும் பல்சக்கரமும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போடத்தக்கவையாக இருப்பதிலேதான் இவ்வூரின் மதிப்பு அடங்கியிருக்கிறது. இயற்கையிலிருந்து காய்ச்சி எடுக்கும் பொருளுக்கு அந்த நிச்சயம் கிடையாது. மழை குறைந்த ஆண்டின் கொட்டைக்கும் மிகுந்த ஆண்டின் கொட்டைக்கும் வித்தியாசம் உண்டு; லாட்டுக்கு லாட் சங்கிலியின் நீளமும் கிளைகளும் மாறும். பாவுக்குக் கஞ்சியிடும்போது இது குற்றமாகாது. மனிதன் உடலுக்குள் வைக்கும்போது குற்றம்.

அதற்கு ஓர் உதாரணம். இரத்தம் உறையாதிருக்க வைத்தியர்கள் நாள்தோறும் செலுத்தும் ஹெப்பாரின் ஒரு சர்க்கரைச் சங்கிலி. பன்றியின் குடலிலிருந்து காய்ச்சி எடுக்கப்படுவது. 2008-இல் அமெரிக்காவில் ஹெப்பாரின் செலுத்தப்பெற்ற நோயாளிகள் பலர் திடீரென்று அபாய நிலையடைந்தனர், சிலர் மாண்டனர். எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ராம் சசிசேகரனும் பிறரும் ஆராய்ந்து, கந்தகமேற்றிய வேறொரு சர்க்கரைச் சங்கிலி அதில் கலந்திருந்ததைக் கண்டறிந்தனர். ஹெப்பாரினைப் போலவே தோற்றமளித்ததால் அக்கலப்படம் அன்று வழக்கிலிருந்த சோதனைகளுக்கெல்லாம் தப்பிவிட்டிருந்தது. இதற்கு மாறாக, ஹெப்பாரினின் சாரமான ஐந்து சர்க்கரை அலகுகளை மட்டும் 50-க்கு மேற்பட்ட படிகளில் ரசாயன முறையால் செய்த ஃபாண்டாபாரினக்ஸ் என்னும் மருந்து 2001 முதலே அங்கு அனுமதி பெற்று வழங்கிவந்தது. அதில் எந்த விலங்கின் குடலுக்கும் வேலையில்லை. அதே மருந்தைச் செய்து 2011-இல் அமெரிக்கச் சந்தைக்கு அனுப்பியது நம் நாட்டு ஐதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம். கியூபா என்னும் சிறு நாடு, குழந்தைகளின் மூளைக்காய்ச்சலைத் தடுக்க, ரசாயன முறையால் செய்த சர்க்கரைத் துண்டைப் புரதத்தோடு பிணைத்து, 2004-இல் உலகுக்கு அறிவித்த தடுப்பு மருந்தும் இவ்வரிசையைச் சேர்ந்ததே. பொருள் இன்னதென்று அணு அணுவாகத் தெரிந்திருக்கும்போதுதான், அது செய்யும் நன்மைக்கும் தீமைக்கும் காரணம் சொல்லமுடியும். இயந்திரம் நமக்கு அளிக்கும் பெரிய உபகாரம் வேகமன்று, இந்த நிச்சயம்.

உயிரியப் பொருள்களுக்கு இந்நிச்சயம் இரட்டிப்பாகத் தேவை. தீக்காயத்தின்மேல் போர்த்தும் கொல்லாஜன் தாளானாலும், தேய்ந்த குருத்தெலும்புக்குப் பதிலாகப் பரப்பும் களியானாலும், அதன்மேல் வந்து குடியேறும் உயிரணு, பெப்டைடை ஒரு கையாலும் சர்க்கரையை மறு கையாலும் தொட்டுப் பார்த்தே, இங்கே தங்கலாமா கூடாதா என்று தீர்மானிக்கிறது. பெப்டைடு உறுதியையும் மடிப்பையும் தரும். சர்க்கரை நீரைப் பிடித்து வைத்து, உயிரணுவுக்கு அடையாளமும் காட்டும். இரண்டும் எந்த இடத்தில், எத்தனை இடைவெளியில் நிற்கவேண்டும் என்பதைக் கண்டறிவதற்கு, ஓரிடத்தில் ஓர் அலகு மட்டும் வேறுபட்ட பத்து இருபது மூலக்கூறுகளை அருகருகே வைத்துச் சோதித்துப் பார்ப்பதைத் தவிர மார்க்கமில்லை. புளியங்கொட்டைக் களியின் காலக்டோஸ் நுனியை நினைத்துக்கொள்ளுங்கள். விதியை இயந்திரம் செய்த மில்லிகிராமில் கண்டுபிடித்து, அவ்விதிக்கு ஏற்பப் பட்டையும் புளியங்கொட்டையையும் டன் கணக்கில் பக்குவப்படுத்துவதே சரியான பாதையென்பது என் துணிபு. ஒன்று கேஜ்; மற்றொன்று உற்பத்தி.

குறைகளையும் சொல்லாமல் விடலாகாது. ஒவ்வொரு படியிலும் நூற்றுக்கு 99 பங்கு சித்தியடைந்தாலும், 100 படி கடந்தபின் எஞ்சுவது 37 பங்கே. படிக்கு 95 பங்கு என்றாலோ, நூற்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. படி ஒவ்வொன்றிலும் கவசமிட்ட சர்க்கரையைத் தேவைக்கு மேல் பன்மடங்கு ஊற்றவேண்டியிருக்கிறது; அந்தக் கவசமிட்ட சர்க்கரையைச் செய்வதற்கே ஒரு ரசாயனிக்குப் பல வாரம் பிடிக்கும். கழுவி வடிக்கும் திரவங்களோ டைகுளோரோமீத்தேன், டைமெத்தில் ஃபார்மமைடு போன்றவை, நிலத்தில் விடத்தக்கவையல்ல. கெலவரப்பள்ளி அணையின் மதகுகளில் தென்பெண்ணை நுரைபொங்கி வருவதைக் கண்ணால் கண்டிருக்கும் உங்களுக்கு, கழிவை எங்கே விடுவது என்ற கேள்வியைத் தீர்க்காமல் ஒரு ரசாயனத் தொழிலையும் வரவேற்கலாகாது என்பதை நான் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. திரவத்தை மீட்டு மீட்டுப் பயன்படுத்தும் ஏற்பாடு, இயந்திரத்தின் ஓர் உறுப்பாகவே அமைந்தாக வேண்டும்.

முடிவாக ஒரு விண்ணப்பம். நான் வர்ணித்த இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்தால், அளவு தவறாமல் தள்ளும் பம்புகள் சில, திசை மாற்றும் வால்வுகள் சில, குளிரூட்டும் உறையிட்ட ஒரு கலம், இவற்றை முறைப்படி ஏவும் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகியவையே இருக்கும். இவற்றுள் இவ்வூர் டூல் ரூம்களில் செய்ய இயலாதது எது? மயிரிழையில் ஒரு பங்கு பிசகாமல் கடிகாரச் சக்கரம் வெட்டத் தெரிந்த கைக்கு, சொட்டில் ஒரு பங்கு பிசகாமல் திரவம் தள்ளும் பம்பு செய்யத் தெரியாதா? கல்லூரியில் ரசாயனம் பயிலும் மாணவியும், பாலிடெக்னிக்கில் எந்திரவியல் பயிலும் மாணவனும் ஒரே மேசையில் அமர்ந்து இப்படி ஓர் இயந்திரத்தை ஆக்க இவ்வறக்கட்டளை ஆண்டுதோறும் ஒரு சிறு தொகை ஒதுக்குமாயின், அதைவிட மேலான காரியம் எனக்குத் தோன்றவில்லை. முதலில் அது சுமாராகத்தான் ஓடும், கசியும், அடைத்துக்கொள்ளும். அதற்காக ஒருவரும் மனந்தளர வேண்டாம். மெரிஃபீல்டின் முதல் இயந்திரம் அவருடைய வீட்டு நிலவறையில், முளையடித்த ஒரு பீப்பாயைக் கொண்டு உருவாயிற்று. ஓசூரில் அதைவிட நல்ல பட்டறைகள் இருக்கின்றன.